ரிமோட் டெஸ்க்டாப்ல தமிழ் ஏன் உடையுது? கீ வேற, எழுத்து வேற

திருவொற்றியூர்ல இருந்து பேசுறேன். நடுவுல ஹாரன் கேட்டா அது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல போற கன்டெய்னர் லாரி. எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல, விட்டுட்டேன்.

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வி ரொம்ப நாளா வந்துக்கிட்டே இருக்கு. "என் லேப்டாப்ல தமிழ் நல்லா டைப் ஆகுது. ரிமோட் டெஸ்க்டாப்ல ஆபீஸ் மெஷினுக்குள்ள போனதும் கேள்விக்குறியா வருது, இல்லைன்னா இங்கிலீஷ் எழுத்தா வருது, இல்லைன்னா பாதி எழுத்து காணாம போகுது. ஏன்?" மூணும் மூணு தனித்தனி நோய். மூணுக்கும் வேர் ஒண்ணுதான். ரிமோட் டெஸ்க்டாப்னா ஸ்கிரீன் இந்தப் பக்கம் வருது, கீபோர்டு அந்தப் பக்கம் போகுதுன்னு நினைச்சுக்கிறோம். ஸ்கிரீனைப் பொறுத்தவரை அது சரி. கீபோர்டுல இருந்து அந்தப் பக்கம் போறது என்னங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

கீபோர்டுக்கு எழுத்து எதுவும் தெரியாது. ஹெச் கீயை அமுக்கினா அது கம்ப்யூட்டர்கிட்ட "35-ஆம் நம்பர் கீ கீழ போச்சு"ன்னு சொல்லும். விட்டதும் "35 மேல வந்துச்சு"ன்னு சொல்லும். இந்த நம்பருக்குப் பேர் ஸ்கேன் கோட். 1981-ல வந்த ஐபிஎம் பிசி காலத்து நம்பர் வரிசையைத்தான் விண்டோஸ் இன்னைக்கும் உள்ளுக்குள்ள வெச்சிருக்கு. 35-ங்கிறது ஹெச்சா, க-வாங்கிறதை முடிவு பண்றது ஆபரேட்டிங் சிஸ்டத்துல நீங்க தேர்ந்தெடுத்து வெச்சிருக்கிற லேஅவுட். கீபோர்டு மேல அச்சடிச்சிருக்கிற எழுத்து வெறும் ஸ்டிக்கர் மாதிரிதான்.

அப்போ ரிமோட் மென்பொருள் எழுதுறவர் முன்னாடி ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கீ நம்பரை அப்படியே அனுப்புறது. எழுத்தா மாத்துற வேலையை அந்தப் பக்க மெஷின் பார்த்துக்கட்டும். இன்னொண்ணு, இங்கேயே எழுத்தா மாத்தி, எழுத்தை அனுப்புறது.

மைக்ரோசாஃப்டோட ஆர்டிபி முதல்ல வெளிய வந்தது 1998-ல, விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் எடிஷனோட. அது அடிப்படையில கீ நம்பர் அனுப்புற கட்சி. யூனிகோட் எழுத்தை நேரா அனுப்புற தனி மெசேஜும் அதுல உண்டு. விஎன்சி கேம்பிரிட்ஜ்ல இருந்த ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்துல பிறந்தது. அது எழுத்து அனுப்புற கட்சி. லினக்ஸ் பக்கம் இருக்கிற எக்ஸ் விண்டோ சிஸ்டத்துல இருந்து 'கீசிம்'னு ஒரு எண் முறையை எடுத்துக்கிட்டாங்க. இங்கிலீஷ் 'ஏ'-க்கு ஒரு எண், என்டருக்கு ஒரு எண். யூனிகோட் எழுத்துகளுக்கு அதோட யூனிகோட் எண்ணுல 1,67,77,216-ஐக் கூட்டிக்கணும். 'க' யூனிகோட்ல 2965. அதனால விஎன்சி வழியா 'க' போகும்போது 1,67,80,181-ஆ போகும். இது சும்மா ரசிக்கிறதுக்குச் சொன்னேன், மனப்பாடம் பண்ண வேணாம்.

ரெண்டு கட்சிக்கும் அடி விழுந்திருக்கு. கீ நம்பர் மட்டும் அனுப்பினா, இங்க ஃபிரெஞ்சு லேஅவுட், அங்க அமெரிக்கன் லேஅவுட்னு இருந்தா, ஏ அமுக்கினா க்யூ வரும். பாஸ்வேர்டு தப்பாகி அக்கவுன்ட் லாக் ஆகும். எழுத்து மட்டும் அனுப்பினா, அந்த எழுத்துக்குக் கீயே இல்லாத கீபோர்டு அந்தப் பக்கம் இருக்கும். அப்போ சர்வர் என்ன பண்ணும்? சிலது காலியா இருக்கிற ஒரு கீயில அந்த எழுத்தைத் தற்காலிகமா ஒட்டவெச்சு, அமுக்கிட்டு, எடுத்துடும். சிலது சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும். கடைசியில விஎன்சி பக்கமும் கீ நம்பர் அனுப்புற ஒரு நீட்டிப்பு வந்துச்சு. கியூஎம்யூ விர்ச்சுவல் மெஷின் ஆளுங்க சேர்த்தது. ஆக ரெண்டு பேரும் ரெண்டு வழியையும் வெச்சிருக்காங்க. எப்போ எதைப் பயன்படுத்தணும்னு சொல்ற செட்டிங்கைத்தான் மெனுவுக்குள்ள எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்காங்க.

இதுவரைக்கும் எல்லா மொழிக்கும் பொதுவான கதை. இனிமேதான் நம்ம கதை.

இங்கிலீஷ்ல ஒரு கீ, ஒரு எழுத்து. முன்னாடி என்ன அமுக்கினீங்கன்னு எதுவும் ஞாபகம் வெச்சுக்க வேணாம், ஷிஃப்ட், கேப்ஸ் லாக் தவிர. தமிழ்ல 247 எழுத்து. கீபோர்டுல அத்தனை கீ கிடையாது. அதனால பல தமிழ் கீபோர்டுகள்ல, 'முன்னாடி என்ன வந்துச்சு'ங்கிற ஞாபகத்தை வெச்சுத்தான் எழுத்து உருவாகுது. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99-ஐ எடுத்துக்கோங்க. இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய். ஹெச்-ல க, ஓ-ல ட, எஃப்-ல புள்ளி. க அடிச்சுட்டு இ அடிச்சா 'கி'. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல்ல வந்ததுக்குத் தானாவே புள்ளி விழுந்து 'க்க' ஆகிடும். ங அடிச்சு க அடிச்சா 'ங்க'. 'அம்மா'வுக்கு நாலே கீ: அ, ம, ம, ஆ. புள்ளியைத் தேடிப் போற வேலை இல்லாததாலதான் தமிழ்99-ல பழகினவங்க கை அவ்வளவு வேகமா ஓடுது. டிசைனா பார்த்தா அவ்வளவு அழகு, அதுல எனக்கு சந்தேகமே இல்லை.

ஆனா ரிமோட்ல அந்த அழகுக்கு ஒரு விலை இருக்கு. எங்க தெருவுல ஒரு அக்கா தமிழ் டைப்பிங் பண்றாங்க. பத்திரம் எழுதுற ஒருத்தருக்கு வேலை. குழந்தை சின்னது, அதனால கடைக்குப் போறதில்லை. பழைய பத்திர மாடல், பிரின்டர் எல்லாம் கடை மெஷின்ல. வீட்ல இருந்து மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு, விஎன்சி வகை மென்பொருள்ல கடைக்குள்ள போய் அடிப்பாங்க. கடையில உபுண்டு லினக்ஸ், அதுல தமிழ்99. அக்கா லேப்டாப்ல வெறும் இங்கிலீஷ் லேஅவுட். ஓ கீ அமுக்கினா 'ஓ'-ன்னு போகும், அங்க இருக்கிற தமிழ்99 அதை 'ட' ஆக்கும். அமைப்பு சரியான அமைப்பு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை.

ஒருநாள் டிராஃப்ட்ல 'மேற்படி சொத்து'ன்னு வரவேண்டிய இடத்துல 'மேற்பட்டி சொத்து'ன்னு வந்திருந்துச்சு. ஒரு இடம் இல்லை, மூணு இடம். பத்திரத்துல 'மேற்படி' எத்தனை தடவை வரும்னு படிச்சவங்களுக்குத் தெரியும். 'மேற்பட்டி'ன்னு இருந்தா ஏதோ ஊர்ப் பேர் மாதிரி இருக்கு. ஸ்பெல் செக் பிடிக்காது. அவசரத்துல படிக்கிறவர் கண்ணும் பிடிக்காது. பதிவாகிப் போயிருந்தா பிழைத்திருத்தல் பத்திரம் போடணும், எழுதிக் கொடுத்தவரும் வாங்கினவரும் மறுபடி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல நிக்கணும். நல்லவேளை, பிரின்ட்லயே பார்த்துட்டாங்க. ஆனா பழி அக்கா மேல விழுந்துச்சு. வீட்ல உக்காந்து கவனமில்லாம அடிக்கிறாங்கன்னு சொல்லி, கடைக்கு வரமுடியாதுன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்னு கடைக்காரர் சொல்லிட்டார். அக்கா என்கிட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்து வெச்சாங்க. "தம்பி, பதினாறு வருஷமா டைப் அடிக்கிறேன். படியும் பட்டியும் எனக்குத் தெரியாதா?"

தெரியும். அவங்க ஒரு தடவைதான் அமுக்கியிருக்காங்க.

நடந்தது இதுதான். ஒரு கீயைக் கொஞ்ச நேரம் அமுக்கியே வெச்சிருந்தா எழுத்து திரும்பத் திரும்ப வரும் இல்லையா? பேக்ஸ்பேஸை அமுக்கிப் பிடிச்சு வரி வரியா அழிப்போமே, அது. ஆட்டோ ரிப்பீட். கீ கீழ போய் சுமார் அரை செகண்டுக்குள்ள மேல வரலைன்னா, 'ஓ, பிடிச்சுட்டு இருக்கார்'னு மெஷின் முடிவு பண்ணி ரிப்பீட் ஆரம்பிச்சுடும். இப்போ நெட்வொர்க்கை நடுவுல வைங்க. 'ட கீழ போச்சு'ங்கிற மெசேஜ் போய்ச் சேர்ந்துடுச்சு. 'ட மேல வந்துச்சு'ங்கிறது ஹாட்ஸ்பாட்ல ஒரு செகண்ட் மாட்டிக்கிச்சு. அக்கா விரல் எப்பவோ எடுத்தாச்சு. கடை மெஷினுக்கு அது தெரியாது. அது இன்னொரு ட போடுது. தமிழ்99 ரெண்டு ட-வைப் பார்த்ததும் தன் வேலையை ஒழுங்கா செஞ்சு புள்ளி வைக்குது. அடுத்து இ வருது. 'ட்டி'.

கவனிங்க, லேக் இருந்தாலே இது வந்துடாது. எல்லா மெசேஜும் ஒரே சீரா முக்கால் செகண்ட் லேட்டா போனா பிரச்சனை இல்லை, கீழ போனதும் மேல வந்ததும் ஒரே இடைவெளியில போய்ச் சேரும். லேக் ஏறி இறங்கும்போதுதான் வரும். அதனாலதான் அக்கா வீட்ல நான் உக்காந்து அடிச்சப்போ அரைமணி நேரம் ஒண்ணும் ஆகல. சாயங்காலம் எல்லாரும் போனை எடுத்த நேரத்துல வந்துச்சு.

இங்கிலீஷ்லயும் இதே பக் உண்டு. விஎம்வேர் கன்சோல்ல எழுத்து ரெண்டு ரெண்டா விழுதுன்னு ரொம்ப காலம் புலம்பல் இருந்துச்சு. அதுக்கு அவங்க கொடுத்த வைத்தியம், ரிப்பீட் ஆரம்பிக்கிற நேரத்தை இருபது லட்சம் மைக்ரோசெகண்ட், அதாவது 2 செகண்டா தள்ளிவைக்கிற ஒரு கான்ஃபிக் வரி. எக்ஸ்11விஎன்சி-ங்கிற சர்வர் இதே காரணத்துக்காக, ஆள் கனெக்ட் ஆனதுமே ரிப்பீட்டை அணைச்சு வைக்கும். ஆனா இங்கிலீஷ்ல எழுத்து ரெண்டானா பார்த்ததும் தெரியும், சிவப்புக் கோடு விழும். தமிழ்99-ல ரெண்டானது ஒழுங்கான சொல்லா மாறி நிக்குது. படம் பட்டம் ஆகும். பாடு பாட்டு ஆகும். எடு எட்டு ஆகும். பதி பத்தி ஆகும். பிழை மாதிரியே இல்லாத பிழை. நெட்வொர்க் கோளாறு இலக்கணம் கத்துக்கிட்டு வந்த மாதிரி.

தீர்வு ஒரே ஒரு வரி. கடை மெஷின்ல 'எக்ஸ்செட் ஆர் ஆஃப்'னு ஒரு கமாண்ட். ரிப்பீட்டே வேணாம்னு சொல்றது. மெஷினை ஆன் பண்ணும்போதே ஓடுற மாதிரி வெச்சுட்டோம். இப்போ பேக்ஸ்பேஸை ஒவ்வொரு தடவையும் தட்டணும், அது ஒண்ணுதான் தொல்லை. கடைக்காரருக்கு அக்காவே போன்ல விளக்கினாங்க. முழுசா நம்பினாரான்னு சொல்ல முடியாது, ஆனா வேலை தொடருது.

அக்காவுக்கு எழுத்து உருவாகுற இடம் அந்தப் பக்கம் இருந்துச்சு. உங்கள்ல நிறைய பேருக்கு அது இந்தப் பக்கம் இருக்கு. சொந்த லேப்டாப்ல என்ஹெச்எம் ரைட்டர் மாதிரி ஒண்ணு போட்டிருப்பீங்க, ஆபீஸ் மெஷின்ல எதுவும் இருக்காது. இங்கிலீஷ் உச்சரிப்புல அடிக்கிறவங்களா இருந்தா உள்ள நடக்கிறது இது: கே அமுக்கினதும் 'க்' வரும். அடுத்து ஓ அமுக்கினதும் மென்பொருள் ஒரு பேக்ஸ்பேஸை அனுப்பி புள்ளியை அழிச்சுட்டு 'ொ' போடும். உங்க மெஷின்லயே இதெல்லாம் நடந்தா கண்ணுக்குத் தெரியாது. ரிமோட்ல பேக்ஸ்பேஸ் ஒரு கீயா போகும், 'ொ' ஒரு எழுத்தா போகும். ரெண்டும் வேற வேற மெசேஜ். அந்தப் பக்கம் இருக்கிற ஆப் பேக்ஸ்பேஸுக்கு புள்ளியை மட்டும் அழிக்குமா, 'க்' முழுசையும் அழிக்குமாங்கிறது ஆப்புக்கு ஆப் மாறும். முழுசா அழிச்சா, உங்களுக்கு மிச்சம் ஒரு வட்டம் போட்ட அநாதைக் கால்தான்.

ரிமோட் மென்பொருள் கீ நம்பர் மட்டும் அனுப்புற ரகமா இருந்தா இதுவும் நடக்காது. இந்த மாதிரி மென்பொருள் விண்டோஸ்கிட்ட எழுத்தை நேரா கொடுக்கும்போது அதுல கீ நம்பரே இருக்காது. நம்பர் இருக்கவேண்டிய இடத்துல யூனிகோட் எழுத்து உக்காந்திருக்கும். வாங்குறவர் அதை எதிர்பார்க்கலைன்னா ஒண்ணு குப்பை, இல்லைன்னா மௌனம்.

இன்னொரு கூத்து: இந்தப் பக்கம் தமிழ்99 ஆன்ல இருக்கும்போது காப்பி பண்ண கன்ட்ரோல் சி அமுக்குறீங்க. சி கீ இருக்கிற இடத்துல தமிழ்99-ல 'ஒ'. எழுத்து அனுப்புற மென்பொருளா இருந்தா அந்தப் பக்கம் 'கன்ட்ரோல் ஒ'ன்னு போய் நிக்கும். அப்படி ஒரு ஷார்ட்கட் உலகத்துல கிடையாது. ரெண்டு பக்கமும் தமிழ் ஆன் பண்ணி வெச்சிருக்கிறவங்களைப் பத்தி நான் பேசவே போறதில்லை.

இந்த வரலாற்றுல ஒரு வேடிக்கை இருக்கு. ரிமோட்ல கொஞ்சமும் சண்டித்தனம் பண்ணாத தமிழ் எது தெரியுமா? பாமினி. யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட். இலங்கையில ரொம்பப் பரவலா இருந்தது. அதுல 'அம்மா'ங்கிறது உள்ளுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, ஹெச். வெறும் இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் உருவம் போத்தியிருக்கு. ஒரு கீ, ஒரு உருவம். ஞாபகம் எதுவும் தேவையில்லை. அதனால எந்த ரிமோட் மென்பொருளும் அதைக் கெடுக்காது. டிடிபி கடைகள் இன்னும் பழைய ஃபான்ட்டை விடமாட்டேங்கிறாங்கன்னு நம்ம ஆளுங்க கிண்டல் பண்ணும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அவங்க கையில இருக்கிறது வேலை செய்யுது, நாம கொடுக்கிறது பாதி நேரம் செய்யலை. தேட முடியாது, ஃபான்ட் இல்லாத மெஷின்ல குப்பையா தெரியும், அதெல்லாம் உண்மை. ஆனா அது நாளைக்கு வர்ற பிரச்சனை. அவங்களுக்கு இன்னைக்கு சாயங்காலம் டெலிவரி.

சரி, என்ன பண்ணலாம்? முடிஞ்சவரைக்கும் எழுத்து உருவாகுற வேலையை அந்தப் பக்கமே வைங்க. ஆபீஸ் மெஷின் விண்டோஸ்னா மொழி செட்டிங்ல தமிழ் சேர்த்தாலே தமிழ்99 உள்ளேயே இருக்கு, வெளிய இருந்து எதுவும் இறக்க வேணாம். உங்க பக்கம் இங்கிலீஷ் லேஅவுட், ரிமோட் மென்பொருள்ல ஸ்கேன் கோட் மோட். மேக்ல மைக்ரோசாஃப்டோட ரிமோட் ஆப்ல கீபோர்டு மோட்னு மெனுவுலயே ஸ்கேன்கோட், யூனிகோட் ரெண்டும் இருக்கும். போன்ல இருந்து போறவங்களுக்கு மட்டும் இது தலைகீழ். டச் கீபோர்டுல உண்மையான கீயே இல்லை, நம்பரும் இல்லை, முழுச் சொல்லா எழுதித் தள்ளும். அங்க யூனிகோட் மோட்தான் வழி.

பிரவுசர் வழியா போற ஆபீஸ்ல பெரும்பாலும் அப்பாச்சி குவாக்கமோலி மாதிரி ஒண்ணு இருக்கும். அதுல அட்மின் 'சர்வர் லேஅவுட்'னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். அமெரிக்கன், ஜெர்மன், ஜப்பானீஸ்னு பட்டியல் போகும். நான் பார்த்த பட்டியல்ல தமிழ் கிடையாது. ஆனா 'ஃபெயில்சேஃப்'னு ஒண்ணு இருக்கும், எல்லாத்தையும் யூனிகோடா அனுப்புறது. மெஷின்ல எதுவும் போட விடமாட்டேங்கிற ஆபீஸா இருந்தா அதைக் கேட்டுப் பாருங்க.

இது எதுவும் இல்லைன்னா நோட்பேட்ல அடிச்சு காப்பி பேஸ்ட். ஆர்டிபியில அது நல்லா போகும். விஎன்சியில மட்டும் ஜாக்கிரதை. 2011-ல ஆர்எஃப்சி 6143-ஆ வந்த அதோட விதிமுறையில கிளிப்போர்டுக்கு லத்தீன்-1 மட்டும்தான்னு எழுதியே வெச்சிருக்கு. மேற்கு ஐரோப்பிய எழுத்துகள். அதனாலதான் பழைய விஎன்சியில தமிழ் பேஸ்ட் பண்ணினா வரிசையா கேள்விக்குறி. புதுசுல இதுக்குன்னே கிளிப்போர்டு நீட்டிப்பு வந்திருக்கு, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வேலை செய்யும்.

பாதுகாப்புன்னு சொல்லி கிளிப்போர்டையும் மூடி, மொழி செட்டிங்கையும் பூட்டி வெச்சிருக்கிற ஆபீஸ் நிறைய. அங்க வேலை பார்க்கிறவங்க கடைசியில தமிழ்ப் பெட்டியில இங்கிலீஷ்லயே பேரை எழுதிட்டுப் போயிடுறாங்க. யாரும் புகார் பண்றதில்லை. 'தமிழ் டைப் ஆகலை'ன்னு டிக்கெட் போட்டா, எங்களுக்கு ஆகுதேன்னு பதில் போட்டு மூடிடுவாங்க. அதனால டிக்கெட் போடும்போது மூணு விஷயத்தை எழுதுங்க: தமிழ் கீபோர்டு எந்தப் பக்கம் இருக்கு, ரிமோட் மென்பொருள் ஸ்கேன் கோட் மோட்ல இருக்கா யூனிகோட் மோட்லயா, கிளிப்போர்டு திறந்திருக்கா. கூடவே ஒரு டெஸ்ட்: 'மேற்படி பட்டா கொடுத்தது'. நெட் மோசமா இருக்கிற நேரமா பார்த்து இதை இருபது தடவை அடிச்சு, வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சேருங்க. 'படி' பட்டி ஆச்சுன்னா ரிப்பீட். 'கொ' உடைஞ்சா பேக்ஸ்பேஸ். எதுவுமே வரலைன்னா மோட்.